பின்சுவரில் தொங்கும் வெள்ளைக் குழாய்

ஐப்பசி பிறந்தால் எமது வர்த்தகர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. தீபாவளிச் சரக்கு வந்து இறங்க வேண்டும். அதன் பின்னாலேயே நத்தார்ச் சரக்குக்கு ஓடர் கொடுக்க வேண்டும். இடையில் வற் கணக்கு வந்து நிற்கும். இத்தனைக்கும் நடுவில், கடையின் பின்பக்கம் போய் அண்ணாந்து பார்த்து, மேல்மாடி வீட்டுச் சுவரிலிருந்து வெளியே வரும் ஒரு மெல்லிய வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாயைக் கவனியுங்கள் என்று சொன்னால் சிரிக்கத்தான் செய்வீர்கள். சங்கக் கூட்டத்தில் ஒருமுறை சொன்னபோதும் சிரித்தார்கள். ஆகவே எழுதியே விடுவது என்று தீர்மானித்தோம்.

இலண்டனில் எம்மவர் கடைகளில் பல கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்தவை. ரூற்றிங்கில், ஈஸ்ற்ஹாமில், வெம்பிளியில், ஹரோவில் எங்கே போனாலும் இதே அமைப்புத்தான். மேல்வீடு சிலருக்குச் சொந்தம். சிலருக்குக் கடை லீஸோடு சேர்ந்து வந்தது. அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கும், அல்லது கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வீட்டுக் குசினியின் மூலையில் ஒரு காஸ் பொயிலர் சுவரில் மாட்டப்பட்டிருக்கும். அதன் அடிப்பக்கத்திலிருந்து புறப்படுவதுதான் நாங்கள் சொல்லும் குழாய்.

நாங்கள் காஸ் வேலை கற்றவர்கள் அல்லர். அரிசி, மா, பருப்பு, மிளகாய் விற்பவர்கள். இந்தக் குழாயால் பணத்தையும் நிம்மதியையும் இழந்த பிறகு, கேட்டும் பார்த்தும் படித்தும் அறிந்துகொண்டதையே இங்கு சொல்கிறோம்.

காஸ் எரிந்தால் நெருப்பு வரும், சூடு வரும், புகை வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எங்கள் கடைப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. இந்நாட்டில் குழாய் வழியே வரும் இயற்கை வாயுவில் பெரும்பகுதி காபனும் ஐதரசனும் சேர்ந்த மெதேன். அது எரியும்போது ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாகிறது. ஒரு கன மீற்றர் காஸ் எரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் தண்ணீருக்குரிய ஆவி உண்டாகும். பழைய பொயிலர்கள் இந்த ஆவியைச் சூடான புகையோடு சேர்த்துப் புகைபோக்கியால் வெளியே விட்டுவிட்டன. அதனோடு, எரித்த காஸின் சூட்டிலும் ஒரு பெரும் பங்கு வானத்துக்குப் போயிற்று. நூறு பவுணுக்கு எரித்தால் முப்பது பவுணைப் புகையாக விட்ட பழைய பொயிலர்கள் உண்டு.

புதிய பொயிலர் அந்தப் புகையை வெளியே விடுமுன் அதன் சூட்டை உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. வீட்டைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் ஏறத்தாழ 55 பாகை செல்சியசுக்குக் கீழே இருந்தால் புகையிலுள்ள ஆவி குளிர்ந்து நீராகிவிடும். பள்ளிக்கூடத்தில் ஒடுங்கல் என்று படித்தோமே, அதுதான். புட்டுப்பானை மூடியைத் திறந்தால் உட்புறம் துளித்துளியாக நிற்பதும் அதுதான். இதனாலேயே இவற்றுக்குக் கொண்டென்சிங் பொயிலர் என்று பெயர். 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் புதிதாகப் பூட்டும் காஸ் பொயிலர்கள், ஒரு சில விதிவிலக்குகள் நீங்கலாக, இவ்வகையாகவே இருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே அதன் பின்னர் பூட்டிய பொயிலர் உங்கள் மேல்வீட்டில் இருந்தால், அநேகமாக இந்தத் தண்ணீர் அங்கே ஒழுகிக்கொண்டுதான் இருக்கிறது. கடுங்குளிரில் பொயிலர் முழுமூச்சாக ஓடும்போது மணிக்கு இரண்டு லீற்றர் வரைகூட வரும்.

இது வெறும் தண்ணீர் அல்ல. புகையிலுள்ள காபனீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் அதில் கரைந்திருப்பதால் புளிப்புத் தன்மை உடையது. அமிலத்தை அளக்கும் பி.எச். கணக்கில் 3க்கும் 5க்கும் இடையில் நிற்கும். தோடம்பழச் சாறு, தக்காளிச் சாறு போல என்று வைத்துக்கொள்ளலாம். கையில் பட்டால் கை வெந்துவிடாது. ஆனால் செப்புக் குழாயில், இரும்பில், சீமெந்தில் வருடக்கணக்காக ஒழுகினால் அரித்துவிடும். இதை நாங்கள் அறிந்த கதையைப் பின்னால் சொல்வோம். முதலில் 2010ஆம் ஆண்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

அவ்வருடம் டிசம்பர் மாதக் குளிரை இங்கிருந்த எவரும் மறந்திருக்க முடியாது. 1910ஆம் ஆண்டு முதல் வைத்திருக்கும் நாடளாவிய கணக்கில் அதைவிடக் குளிரான டிசம்பர் பதிவாகவில்லை. 18ஆம் திகதி சனிக்கிழமை இலண்டனில் பனி கொட்டி ஹீத்ரோ விமான நிலையமே மூடப்பட்டது. நத்தாருக்கு முந்திய கடைசிச் சனிக்கிழமை. எங்கள் கடையிலோ லொறி வராத பிரச்சினை, வந்த வாடிக்கையாளருக்குச் சாமான் இல்லாத பிரச்சினை. பகல் பதினொரு மணியளவில் மேல்வீட்டில் வாடகைக்கு இருந்த பிள்ளை இறங்கி வந்தார். மனைவி, இரண்டு சிறு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்திருந்த வயதான தாயார் என்று ஐந்து பேர் அங்கே இருந்தார்கள்.

"அண்ணை, ஹீற்றர் வேலை செய்யேல்லை. விடியப்பறம் பொயிலர் கொறகொற எண்டு சத்தம் போட்டிட்டு நிண்டிட்டுது."

"தம்பி, இண்டைக்கு ஆர் வருவினம் இந்தப் பனிக்குள்ளை? திங்கக்கிழமை பாப்பம். பிள்ளையளுக்கு சுவெற்றரைப் போட்டு விடுங்கோ" என்று சொல்லிவிட்டுக் கல்லாப் பக்கம் திரும்பிவிட்டோம். அவர் மேலும் ஒன்றும் சொல்லவில்லை. வாடகை ஒழுங்காகக் கொடுக்கும், குறை சொல்லாத மனிதர்.

மறுநாள் பின்னேரம் வேறு ஏதோ அலுவலாக மேலே போனோம். கதவைத் திறந்ததும் முகத்தில் ஒரு புழுக்கம் அடித்தது. குசினியில் காஸ் அடுப்பின் நான்கு வாயும் முழு நெருப்பில் எரிந்துகொண்டிருந்தன. அவணைத் திறந்து வைத்திருந்தார்கள். யன்னல்கள் எல்லாம் இறுக்கிப் பூட்டி, கதவின் கீழ் இடைவெளியில் துவாயைச் சுருட்டி அடைத்து, நடுவில் மெத்தையைப் போட்டு எல்லோரும் அங்கேயே இருந்தார்கள். சின்னவன் தலையிடிக்குது என்று தாயின் மடியில் படுத்திருந்தான். கிழவியும் காலையிலிருந்து தலையிடி என்றார். குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்து கோப்பி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

மூடிய அறைக்குள் அடுப்பை அப்படி எரித்தால் காற்றிலுள்ள ஒட்சிசன் குறைந்து கார்பன் மொனொக்சைட் உண்டாகும். மணமில்லை, நிறமில்லை, நித்திரை வருவதுபோல இருக்கும். வீட்டைச் சூடாக்க அடுப்பை எரிக்கக் கூடாது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எங்களுக்கும் அன்று அவ்வளவாகத் தெரியாது. புழுக்கம் பொறுக்காமல் யன்னலைத் திறந்தோம், அடுப்பை நிறுத்தச் சொன்னோம், அவ்வளவுதான். பிறகு ஒரு பொயிலர்க்காரர் அது எவ்வளவு பெரிய விடயம் என்று விளக்கியபோது கதிரையில் இருந்துவிட்டோம்.

பொயிலருக்கு என்ன வருத்தம்? ஒன்றுமில்லை. திங்கட்கிழமை வந்தவர் அதைத் தொடவே இல்லை. நேரே பின்பக்கம் போனார். வடக்குப் பார்த்த சுவரில் ஆறு மீற்றர் நீளத்துக்குச் சுண்டுவிரல் தடிப்புக் குழாய் ஒன்று கிட்டத்தட்டச் சமமட்டமாக ஓடியது. உறை எதுவும் இல்லை. உள்ளே தண்ணீர் உறைந்து கட்டியாகிக் கிடந்தது. தண்ணீர் போக வழியில்லாமல் பொயிலருக்குள்ளேயே தேங்கியதால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிட்டது. கொறகொற சத்தம் அதன் அறிகுறி. கேத்தலில் இளஞ்சூட்டுத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் குழாயின் மேல் இரண்டு முறை ஊற்றினார். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்ரிக் வெடித்துவிடும், நிலத்தில் விழுந்து உறைந்து ஆளை விழுத்தும், ஆகவே இளஞ்சூடுதான் என்றார். பொயிலரின் மீள்தொடக்கப் பொத்தானை அழுத்தினார். வீடு சூடாகிவிட்டது. இரண்டு கேத்தல் தண்ணீரில் தீரும் விடயத்துக்காக ஐந்து உயிர்களை அப்படி இரண்டு நாள் இருத்தி வைத்தோம்.

அவ்வருடம் நாடெங்கும் இந்தக் காரணத்தால் ஏராளமான பொயிலர்கள் நின்றன. அதன் பின்னர் வழிகாட்டு விதிகள் இறுக்கமாயின. பிரித்தானியத் தரநிலை பி.எஸ். 6798இன்படி இப்போது வெளியே ஓடும் குழாயின் உட்குறுக்களவு குறைந்தது 30 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். கடையில் 32 மில்லிமீற்றர்க் குழாய் என்று கேட்டால் தருவார்கள். பழைய 21.5 மில்லிமீற்றர்க் குழாய் வீட்டுக்குள்ளே மட்டுமே ஓடலாம். வெளியே ஓடும் தூரம் இயன்றவரை குறுகியதாக, மூன்று மீற்றருக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். மீற்றருக்குக் குறைந்தது 45 மில்லிமீற்றர் சரிவு வேண்டும், சில தயாரிப்பாளர்கள் 52 கேட்கிறார்கள். மழையும் வெயிலும் தாங்கும் உறை போட வேண்டும். வளைவுகளைக் குறைக்க வேண்டும். ஆனால் விதி மாறியது புதிதாகப் பூட்டுகிறவர்களுக்கு. 2005க்கும் 2010க்கும் இடையில் பூட்டிய மெல்லிய குழாய்கள் எத்தனையோ பின்சுவர்களில் அப்படியே தொங்குகின்றன. 2022 டிசம்பரில் மீண்டும் ஒரு கிழமைக்கு மேல் உறைகுளிர் வந்தபோது எமது உறுப்பினர்கள் சிலரிடமிருந்து எங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகள் எல்லாம் அதே கதைதான். அழைத்த ஒவ்வொருவரிடமும் முதலில் அடுப்பை எரிக்கிறார்களா என்றுதான் கேட்டோம்.

இனி அரிசிக் கதை. எங்கள் களஞ்சிய அறையின் ஒரு மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஈரம் கண்டது. மேல்வீட்டுக் குளியலறை ஒழுகுகிறது என்று நினைத்து ஓடுகளைக் கிளப்பி மீண்டும் ஒட்டினோம். ஈரம் நிற்கவில்லை. கூரை என்று நினைத்துக் கூரைக்காரருக்குக் காசு கொடுத்தோம். கோடையில் நின்றுவிட்டது. அடடா, கூரைதான் என்று திருப்திப்பட்டோம். கார்த்திகையில் திரும்பவும் வந்தது. மூட்டைச் சாக்கில் இளம்பச்சை நிறத்தில் ஒரு கறை இருந்தது. அந்தக் கறையைப் பார்த்த ஒரு வயதான பிளம்பர்தான், இது செம்பு கரைந்த நிறம், மேலே எங்கோ பொயிலர்த் தண்ணீர் செப்பில் ஓடுகிறது என்றார். முகட்டுப் பலகையைக் கழற்றிப் பார்த்தால், பிளாஸ்ரிக் குழாய் போதாமல் போன இடத்தில் யாரோ ஒரு முழத்துக்குச் செப்புக் குழாயைச் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். அதன் வளைவு ஊசி குத்தியதுபோல அரிக்கப்பட்டிருந்தது. அன்று எறிந்தது 18 மூட்டை. பாஸ்மதி. கூரைக்காரருக்கும் ஓடுகளுக்கும் போனது வேறு. அந்தச் செப்புத் துண்டைப் போட்டவர் மிச்சப்படுத்தியது ஒரு சில பவுண் பெறுமதியான பிளாஸ்ரிக். அவரைத் திட்டுவதற்கு எங்களுக்கு வாயில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறோம்.

இந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதற்கு நல்ல விடை ஒன்றுதான் உண்டு. வீட்டுக்குள்ளேயே ஓடி, உள்ளே இருக்கும் மலசலகூடக் கழிவுக் குழாயில் சேர்வது. அங்கே குளிரில்லை, உறைவதில்லை. மற்றக் கழிவு நீரோடு கலந்து அமிலமும் நீர்த்துப் போகும். அதற்கு வசதியில்லையென்றால் குசினித் தொட்டி அல்லது உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் கழிவுக் குழாயில் சேர்க்கலாம். இதில் எம்மவர் வீடுகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பொரித்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றும் பழக்கம். எண்ணெய் குளிர்ந்து கட்டியாகிக் குழாயை அடைத்தால் தொட்டி மாத்திரமல்ல, பொயிலரும் நின்றுவிடும். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள். காரணம் சொன்னால் கேட்பார்கள்.

வெளியே விட்டே ஆகவேண்டும் என்றால் நிலத்திலுள்ள கழிவுநீர்க் குழிக்குள் விடலாம். குழாயின் நுனி கம்பித் தட்டுக்குக் கீழேயும் உள்ளே நிற்கும் தண்ணீருக்கு மேலேயும் இருக்க வேண்டும். தட்டின் மேல் ஒழுகவிட்டால் அதுவே முதலில் உறையும்.

பலரும் செய்வது மழைநீர்ப் பீலிக் குழாய்க்குள் சொருகிவிடுவது. இதில் யோசிக்க வேண்டியது உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஜோசப் பசல்ஜெற் அமைத்த உள் இலண்டன் சாக்கடைகளில் மழைநீரும் கழிவுநீரும் ஒன்றாகவே போகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் அனுமதி உண்டு. ஆனால் முதலாம் உலகப் போருக்குப் பின் எழுந்த புறநகர்ப் பகுதிகளில் பெரும்பாலும் இரண்டும் தனித்தனிக் குழாய்கள். அங்கே மழைநீர் நேரே ஓடைக்கும் ஆற்றுக்கும் போகிறது. அமிலத் தண்ணீரை அதற்குள் விடக்கூடாது. உங்கள் கடை எந்த வகை என்பதைத் தண்ணீர்க் கம்பனியிடம் கேட்டால் சொல்வார்கள்.

வடிகால் எதுவுமே எட்டவில்லையென்றால் நிலத்தில் குழி தோண்டி, துளையிட்ட பிளாஸ்ரிக் குழாயை இறக்கி, அதற்குள் சுண்ணாம்புக் கற்துண்டுகளை நிரப்பி அதில் விடலாம். சுண்ணாம்பு புளிப்பை முறிக்கும். கட்டட அத்திவாரத்திலிருந்து குறைந்தது அரை மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். முற்றம் முழுவதும் சீமெந்து போட்ட எமது கடைகளில் இதற்கு இடம் கிடைப்பது அரிது. நிலவறையில் பொயிலர் உள்ளவர்கள் சிறு மின்பம்பு வைத்துத் தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் பம்பு பழுதானால் பொயிலர் தானே நிற்கும்படி இணைப்புக் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நிலவறைச் சரக்கு நனையும். பம்பின் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் தொலைபேசிக்கு மின்னேற்றும் கெட்டித்தனத்தையும் கண்டிருக்கிறோம்.

சில வருடங்களுக்கு முன் ஓர் உறுப்பினரின் கடைக்கு அலுவலாகப் போயிருந்தோம். அவருடைய பொயிலர் களஞ்சிய அறையிலேயே இருந்தது. அதன் கீழே ஒரு வெறும் நல்லெண்ணெய் வாளி. வெள்ளைக் குழாய் அந்த வாளிக்குள் முடிந்தது. "ஒவ்வொரு நாளும் பொடியன் ஊத்திப்போடுவான், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று பெருமையாகச் சொன்னார். வாளி நிரம்பி வழிவதை விடுங்கள். பொயிலரின் அடியில், கை கழுவும் தொட்டியின் கீழே இருப்பதுபோல, வளைந்த ஒரு நீர்ப்பூட்டு உண்டு. அதில் நிற்கும் தண்ணீர்தான் எரிந்த புகை இந்தக் குழாய் வழியே வராமல் தடுக்கிறது. பொயிலரை மாதக்கணக்காக நிறுத்தி வைத்தாலோ, நீர்ப்பூட்டைக் கழற்றிக் கழுவிவிட்டுச் சரியாகப் பூட்டாவிட்டாலோ, தண்ணீர் நிரப்பாமல் தொடக்கிவிட்டாலோ, அந்தத் தடுப்பு இல்லாமற் போய்விடும். குழாய் வெளியே அல்லது கழிவுக் குழாயில் முடிந்தால் ஒரு பாதுகாப்பாவது உண்டு. வாளியில் முடிந்தால் புகை அறைக்குள்ளேயே வரும். அந்த அறையில் அவருடைய மருமகன் மதியத்தில் மூட்டைகளின் மேல் படுத்து எழும்புவார்.

அவரிடம் இதைச் சொன்னபோது முகம் மாறிவிட்டது. அடுத்த கிழமையே குழாயைச் சரிசெய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். எம்மவர்கள் கெட்டவர்கள் அல்லர். அறிந்தால் செய்வார்கள்.

இப்போது எமது கருத்துக்கு வருவோம். பொயிலர் பூட்டும்போது நாங்கள் மூன்று பேரிடம் விலை கேட்போம். கேட்டுவிட்டு மூன்றாமவரை முதலாமவரின் விலைக்குக் கீழே இறக்குவோம். விலை பேசுவது எமது தொழில், அதில் வெட்கமில்லை. ஆனால் அரிசி வாங்கும்போது மூட்டையைக் குத்தி மணியை உள்ளங்கையில் போட்டுப் பார்க்கிறவர்கள், பொயிலர் வாங்கும்போது பெயரையும் விலையையும் மட்டுமே பார்க்கிறோம். விலையை நசுக்கினால் அவர் எங்கே பிடிப்பார்? பொயிலரின் விலை எல்லோருக்கும் தெரியும், அதில் பிடிக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பத்து நிமிட வேலையில், ஒரு முழக் குழாயில்தான் பிடிப்பார். உள்ளே கழிவுக் குழாய்க்குக் கொண்டுபோக இரண்டு சுவர் துளைத்து அரைநாள் வேலை செய்வதைவிட, அருகிலுள்ள சுவரைத் துளைத்து வெளியே விட்டுவிட்டுப் போவது சுகம். எங்கள் களஞ்சிய முகட்டில் செப்புத் துண்டைப் போட்டவர் நாங்கள் கடைசி நேரத்தில் நூறு பவுணைக் குறைத்தவர். அதனால்தான் அவரைத் திட்ட வாயில்லை என்றோம்.

விலை கேட்கும்போதே, தண்ணீர் எங்கே போகும், எத்தனை மில்லிமீற்றர்க் குழாய், வெளியே எத்தனை மீற்றர் என்று கேளுங்கள். விடையைக் கொட்டேசனில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த விலையில் பேரம் பேசுங்கள். அதற்குக் கீழே வருகிறவர் எதை விட்டுவிட்டு வருகிறார் என்று அப்போது தெரியும். காஸ் வேலை செய்கிறவர் காஸ் சேஃப் பதிவு உள்ளவராக இருக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்தது. 2009 ஏப்ரலில் கோர்ஜிப் பதிவுக்குப் பதிலாக வந்தது இது. அட்டையின் முன்புறத்தில் படம் இருக்கும், பின்புறத்தில் அவர் எந்தெந்த வேலை செய்யலாம் என்று இருக்கும். பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பவர் குறைவு. வெளிக் குழாயை மாற்றத் திறமையான பிளம்பர் போதும். பொயிலரின் மூடியைத் திறக்க இவர்தான் வேண்டும். சொந்தக்காரர், ஊர்க்காரர் என்று பார்க்காதீர்கள்.

வாடகைக்கு இருப்பவரே பார்த்துக்கொள்ள வேண்டும், ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம் என்று சில உறுப்பினர்கள் வாதிடுகிறார்கள். எழுதினாலும் செல்லாது. 1985ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர் குடியிருப்பாளர் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, ஏழு வருடத்துக்குக் குறைந்த வீட்டு வாடகைகளில் வீட்டைச் சூடாக்கும், தண்ணீரைச் சூடாக்கும் அமைப்புகளைப் பழுதின்றி வைத்திருப்பது வாடகைக்கு விடுபவர் கடமை. அதைக் குடியிருப்பவர் தலையில் கட்ட முடியாது. நீங்களே லீஸில் இருந்துகொண்டு மேல்வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாலும், குடியிருப்பவருக்கு வீட்டுக்காரர் நீங்கள்தான். 1998ஆம் ஆண்டு காஸ் பாதுகாப்பு விதிகளின்படி வருடத்துக்கு ஒருமுறை சோதனை செய்து பத்திரத்தின் பிரதியை 28 நாளுக்குள் அவர்களுக்குக் கொடுக்க வேண்டும். பத்திரம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் செப்புத் துண்டு முகட்டுக்குள் இருந்தது, வந்து போன எவரும் அதைக் காணவில்லை. 2022 ஒக்ரோபர் முதலாம் திகதி முதல் இங்கிலாந்தில் வாடகை வீடுகளில் பொயிலர் உள்ள வாழும் அறையில் கார்பன் மொனொக்சைட் அலாம் வைப்பதும் கட்டாயம். அடுப்பு மட்டும் உள்ள அறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எங்கள் 2010 அனுபவத்தை நினைத்து நாங்கள் அதற்கும் ஒன்று வைத்திருக்கிறோம்.

இனி வெப்பப் பம்புகள்தான், காஸ் பொயிலர்கள் போய்விடும், இதற்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று ஒரு இளம் வர்த்தகர் கேட்டார். போகும்போது போகட்டும். போன வருடம் பூட்டிய பொயிலர் இன்னும் பத்துப் பன்னிரண்டு குளிர்காலம் காணும். வெப்பப் பம்பின் வெளிப்பெட்டியிலிருந்தும் தண்ணீர் ஒழுகத்தான் செய்கிறது. அமிலமில்லை என்பதைத் தவிர, பின்சந்தில் உறைந்து ஆளை விழுத்துவதில் குறைவில்லை.

சங்க நிர்வாகத்தினரிடம் எமது வேண்டுகோள் ஒன்று உண்டு. கார்த்திகை மாதக் கூட்டத்தில் வழக்கமான உரைகளில் ஒன்றைக் குறைத்து, பதிவுள்ள ஒரு காஸ் எஞ்சினியரை அழைத்து அரை மணி நேரம் கொடுங்கள். அவர் கையில் ஒரு துண்டு 21.5 மில்லிமீற்றர்க் குழாயும் ஒரு துண்டு 32 மில்லிமீற்றர்க் குழாயும் கொண்டுவரட்டும். இரண்டையும் உறுப்பினர்கள் கையில் பிடித்துப் பார்த்தால் போதும். அலாம்களை மொத்தமாக வாங்கினால் விலை குறையும், அந்த வேலையை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். எத்தனை வேண்டும் என்று கூட்டத்துக்கு முன் சொல்லிவிடுங்கள்.

காஸ் மணம் வந்தாலோ, அலாம் அடித்தாலோ எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்து 0800 111 999 என்ற இலவச இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். இந்த இலக்கத்தை மேல்வீட்டுக் குசினிக் கதவின் உட்புறத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம். அதன் கீழே எங்கள் கைத்தொலைபேசி இலக்கமும், சனிக்கிழமையானாலும் அழைக்கலாம் என்ற ஒரு வரியும் உண்டு.